நாற்பது வருஷ விருந்தாளி

'விருந்தும் மருந்தும் மூணு நாள்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். முதல் நாள் வாழையிலை. இரண்டாம் நாள் தட்டு. மூன்றாம் நாள், 'ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ்?' கொஞ்சம் கிண்டலான பழமொழிதான். ஆனாலும் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. விருந்தாளி என்கிற நிலைமை ரொம்ப நாள் தாங்காது. வந்தவருக்கும் சங்கடம், வீட்டுக்காரருக்கும் சங்கடம்.

சரி, ஒருவரை நாற்பது வருஷம் விருந்தாளியாகவே வைத்திருந்தால் அதற்கு என்ன பெயர்?

கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு ரஞ்சன்குடி வரைக்கும் வாருங்கள்.

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது ரஞ்சன்குடி கோட்டை. 17-ம் நூற்றாண்டில் நவாபின் கீழ் இருந்த ஒரு ஜாகீர்தார் கட்டியது. அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி என்று இன்றைக்கும் கம்பீரமாகத்தான் நிற்கிறது. 1751-ல் இந்த வட்டாரத்தில் சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரர்களும் முகமது அலிக்காக ஆங்கிலேயர்களும் மோதிக்கொண்டார்கள். சண்டை போட்ட இரண்டு கும்பினிகளும் கடல் கடந்து வந்தவை. யாரும் அவர்களிடம் விசா கேட்கவில்லை.

எந்தக் கோட்டையாக இருந்தாலும் சுவரோடு ஒரு வாசலும் இருக்கும். யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று வாசலில் ஒருவன் நின்று முடிவு செய்வான். எல்லைப் பாதுகாப்பு, குடியேற்றச் சீர்திருத்தம் என்று இன்று உலகம் பூராவும் நடக்கிற சண்டை இந்த வாசல்காரனைப் பற்றியதுதான். அமெரிக்காவில் மெக்ஸிகோ எல்லைச் சுவர். ஐரோப்பாவில் மத்தியதரைக் கடல் படகுகள். நம் நாட்டில் அஸ்ஸாம். அங்கே 2019 ஆகஸ்ட் 31-ல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேர் விடுபட்டுப்போனார்கள்.

வாசலில் காவல் போடுவது ஒரு நாட்டின் உரிமை. இதில் எனக்கு மறுப்பு கிடையாது. உங்களுக்கும் இருக்காது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியர்களைக் கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கியபோது நமக்கெல்லாம் மனசு வலித்தது. யோசித்துப் பாருங்கள், எதற்காக வலித்தது? திருப்பி அனுப்பியதற்காக இல்லை. கையில் விலங்கு போட்டு அனுப்பியதற்காக. வாசலை மூடலாம், ஆனால் வந்தவனை மனுஷனாக நடத்து என்றுதான் நாம் கேட்டோம்.

நான் பேச வந்தது வாசலுக்கு வெளியே நிற்பவரைப் பற்றி அல்ல. நாமே கதவைத் திறந்து உள்ளே விட்டவர்களைப் பற்றி.

ரஞ்சன்குடியிலிருந்து இன்னும் தெற்கே வந்தால் பெரம்பலூர் டவுனை ஒட்டித் துறைமங்கலம். அங்கே ஓர் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகச் சுமார் மூன்று லட்சம் பேர் வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள். பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். மீதிப் பேர் இங்கேயே இருக்கிறார்கள். 2021-ல் தமிழக அரசு சொன்ன கணக்கு: முகாம்களுக்குள் 58,000 பேருக்கு மேல், வெளியே பதிவு செய்துகொண்டு தங்கியிருப்பவர்கள் சுமார் 34,000 பேர்.

இவர்கள் வேலி தாண்டி ராத்திரியோடு ராத்திரியாக நுழைந்து ஒளிந்துகொண்டவர்கள் இல்லை. படகில் வந்து இறங்கினார்கள். அதிகாரிகள் பெயர் எழுதிக்கொண்டார்கள். மண்டபத்தில் தங்கவைத்தார்கள். பிறகு எந்த ஊர் முகாம் என்று சொல்லி அரசாங்கமே அனுப்பிவைத்தது. அடையாள அட்டை கொடுத்தது. மாதா மாதம் உதவித்தொகை கொடுத்தது. 2021-ல் அந்தத் தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய் என்று உயர்த்தினார்கள். 317 கோடி ரூபாய் திட்டம் அறிவித்து, புது வீடுகள் கட்ட ஆரம்பித்தார்கள். 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். எல்லாம் நல்ல காரியங்கள். பாராட்ட வேண்டியவை.

ஆனால் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் இவர்களுக்கு என்ன பெயர் தெரியுமா? 'சட்டவிரோதக் குடியேறி'.

அதாவது, அரசாங்கமே பெயர் எழுதி, அரசாங்கமே வீடு கட்டிக் கொடுத்து, அரசாங்கமே பணம் கொடுத்துப் பராமரிக்கும் சட்டவிரோதம்! பாஸ்போர்ட் இல்லாமல் வந்தார்கள் என்பது காரணம். வீடு எரியும்போது வெளியே ஓடுகிறவன் பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசையில் நின்றுவிட்டா ஓடுவான்?

இந்தப் பெயர் வெறும் பெயர் இல்லை. இதன் விளைவைக் கொஞ்சம் பாருங்கள். முறையாக விசாவில் வந்த ஒரு வெளிநாட்டவர், மொத்தம் 12 ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 'சட்டவிரோதக் குடியேறி' விண்ணப்பிக்கவே முடியாது. 12 ஆண்டு என்ன, 40 ஆண்டு இருந்தாலும் அவர் கணக்கு பூஜ்யம்தான். 2003 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. அது அமலுக்கு வந்த 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறக்கும் குழந்தையின் பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால், மற்றவர் இந்தியராகவே இருந்தாலும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. பிறந்தது பெரம்பலூர் ஆஸ்பத்திரியாக இருக்கும். படித்தது சமச்சீர்க் கல்வியாக இருக்கும். பேசுவது நம் ஊர்த் தமிழாக இருக்கும். பாஸ்போர்ட் கேட்டால் மட்டும், 'நீ யாரு?'

1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர்களுக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அப்போதைய சட்டப்படி இங்கே பிறந்தாலே குடிமகன். 1986-ல் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2022-ல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கி, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டார். சந்தோஷமான செய்தி. ஆனால் இரண்டு வருஷம் கழித்து அதே முகாமில், அதே பெற்றோருக்கு ஒரு தம்பி பிறந்திருந்தால்? அக்கா இந்தியர், தம்பி அந்நியர். தம்பி செய்த தப்பு காலண்டரில் கொஞ்சம் தாமதமாக வந்தது.

இவர்களில் இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். அவர்கள் கதை இதைவிட விசித்திரம். 19-ம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்ட, தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள். இன்றைய பெரம்பலூரும் அரியலூரும் அன்றைக்குத் திருச்சி ஜில்லாதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1948-ல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு இந்த லட்சக்கணக்கான பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதி. அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் அந்த மக்களுக்கு நாற்காலி போடவில்லை.

அந்தப் பங்கீடு முழுசாக முடிவதற்குள் கலவரம், யுத்தம். கப்பலில் முறையாக வர வேண்டியவர்கள் படகில் தப்பி வந்தார்கள். பாட்டனார் பிறந்த மண்ணுக்கே திரும்பி வந்தவர்களை இந்த மண்ணின் சட்டம் அந்நியர் என்றது. இப்படிப்பட்ட 65 பேர் வழக்கில், 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இவர்கள் கோரிக்கையை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இலங்கையில் மிச்சமிருந்த இந்திய வம்சாவளி மக்களுக்குக் குடியுரிமை கொடுத்து, நாடற்ற நிலையை முடித்துவைக்க அந்த நாடு சட்டம் இயற்றிய வருஷம் 2003. நாம் நம் சட்டத்தை இறுக்கிய அதே வருஷம்!

"அதெல்லாம் சரி சார், நீங்க பாட்டுக்கு உருக்கமா எழுதிட்டுப் போயிடுவீங்க. 1991 மறந்துபோச்சா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21-ல் ஒரு முன்னாள் பிரதமர் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் கடல் வழியாகத்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு முகாம்களில் கெடுபிடி வந்ததையும், போலீஸ் கணக்கெடுப்பு வந்ததையும் புரிந்துகொள்ள முடிகிறது. குற்றம் செய்தவனைப் பிடி, விசாரி, தண்டி. சந்தேகப்பட்டவரைத் தனியாக விசாரி. ஆனால் 1995-ல் பிறந்தவருக்கும் 2010-ல் பிறந்தவருக்கும் அந்தக் குற்றத்தில் என்ன பங்கு? பாதுகாப்பு என்று பார்த்தாலும், பெயர், முகவரி, கைரேகை எல்லாம் அரசாங்கத்திடம் இருக்கும் ஓர் ஆள், சொந்த வீடும் வேலையும் உள்ள ஓர் ஆள், நாட்டுக்கு ஆபத்தா? எதிர்காலமே இல்லாமல் ஒரு பையனை முகாம் வாசலில் உட்கார வைப்பது ஆபத்தா?

"ஒருத்தருக்குக் கொடுத்தா இன்னும் நூறு பேர் வருவாங்களே?" இதுவும் நியாயமான பயம்தான். 1986-ல் ரீகன் அரசாங்கம் அமெரிக்காவில் சட்டவிரோதமாக இருந்த சுமார் 27 லட்சம் பேருக்கு அங்கீகாரம் கொடுத்தது. அதற்குப் பிறகும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதனால்தான் ஒரு கடைசித் தேதி வேண்டும் என்கிறேன். வேடிக்கை என்னவென்றால், நம் அரசாங்கம் அந்தத் தேதியை ஏற்கெனவே குறித்துவிட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தது. 1946-ம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்கள் போய்விட்டன. அதையொட்டி வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்கிறது. தேதி இருக்கிறது. பட்டியல் இருக்கிறது. தண்டனை இல்லை என்பது வரை வந்துவிட்டோம். 'நீ எங்களில் ஒருவன்' என்பதற்கு இன்னும் ஓர் அடிதான் பாக்கி. அந்த அடியைத்தான் எடுத்துவைக்க மாட்டேன் என்கிறோம்.

"யுத்தம்தான் 2009-லேயே முடிஞ்சுபோச்சே, திரும்பிப் போகட்டுமே?" போக விரும்புகிறவர்கள் மரியாதையோடு போகட்டும், உதவி செய்வோம். ஆனால் பார்த்தே இராத ஊருக்கு ஒருவரை 'திரும்பிப் போ' என்று எப்படிச் சொல்வது? திரும்புவதற்கு முதலில் அங்கிருந்து வந்திருக்க வேண்டாமா?

நம் பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரிய வேண்டும். லப்பைக்குடிக்காடு பக்கம் எத்தனை வீடுகளில் வளைகுடா சம்பாத்தியம்! துபாயில் முப்பது வருஷம் உழைத்தாலும் அங்கே நீங்கள் குடிமகன் ஆக மாட்டீர்கள். விசா முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்த வலி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் பாக்கெட்டில் ஓர் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது. எல்லாம் போனாலும் இறங்குவதற்குத் திருச்சி விமான நிலையம் இருக்கிறது. முகாமில் பிறந்த பிள்ளைக்கு இறங்குவதற்கு எந்த ஏர்போர்ட்?

இதையெல்லாம் கேட்கும்போது நம்மில் பலர் உடனே, 'ஆமாம், தமிழர்களாச்சே, குடியுரிமை கொடுக்கணும்' என்போம். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, ஜைன, பார்சி, கிறிஸ்தவர்களுக்குக் கதவு திறந்தது. முஸ்லிம்களுக்குத் திறக்கவில்லை. இலங்கையிலிருந்து வந்த யாருக்கும் திறக்கவில்லை. 'மதம் பார்த்துக் கொடுக்கலாமா?' என்று நம்மில் பலர் கோபப்பட்டோம். மதம் பார்ப்பது தப்பு என்றால், மொழி பார்ப்பது எப்படிச் சரியாகும்?

என் வாதம் ரத்த பாசத்தில் நிற்கவில்லை. காலத்தில் நிற்கிறது. ஒரு நாடு ஒருவரை உள்ளே விட்டு, பெயர் எழுதி, பத்து, இருபது, முப்பது வருஷம் தங்கவும் விட்டுவிட்டால், அவர் வாழ்க்கை இங்கே வேர் பிடித்துவிடுகிறது. பள்ளிக்கூடம் இங்கே, கல்யாணம் இங்கே, அப்பா அம்மாவைப் புதைத்த இடம் இங்கே. வேர் பிடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'இது என் தோட்டத்துச் செடி இல்லை' என்று சொல்ல முடியாது. அந்த வேர் தமிழ் பேசினாலும் சரி, வேறு மொழி பேசினாலும் சரி. கிழக்குப் பாகிஸ்தானில் கப்தாய் அணைக்கு நிலத்தைப் பறிகொடுத்த சக்மா மக்கள் 1964-ல் வந்தார்கள். இந்திய அரசே அவர்களை இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்தியது. பிறகு உள்ளூர்க்காரர்கள் வெளியேறச் சொன்னார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமல்ல, இங்கே இருக்கும் எல்லா மனிதருக்கும் உண்டு என்றது. அவர்களுக்காக வாதாட நமக்கு மனம் வந்தால்தான், நம்மவர்களுக்காக வாதாட நமக்கு யோக்கியதை.

அமெரிக்கச் சிந்தனையாளர் மைக்கேல் வால்சர் 1983-ல், ஆமாம், அதே 1983-ல், இந்தச் சிக்கலைப் பற்றி எழுதினார். அவர் குடியேற்றத்துக்குக் கதவை விரியத் திறக்கச் சொன்னவர் இல்லை. யாரை உள்ளே விடுவது என்பதை ஒரு சமூகம் தானே முடிவு செய்யலாம் என்றவர். ஆனால் உள்ளே விட்டு, வேலையும் வாங்கிக்கொண்டு, குடிமகன் ஆகும் வழியை மட்டும் அடைத்து வைத்தால் அது கொடுங்கோன்மை என்றார். ஏதென்ஸில் இப்படி ஒரு கூட்டம் இருந்தது. வரி கட்டுவார்கள், யுத்தத்துக்கும் போவார்கள், சபையில் பேச முடியாது. அரிஸ்டாட்டில் அப்படி வாழ்ந்தவர்தான். குடிமகன் என்றால் யார் என்று உலகத்துக்குப் பாடம் எழுதியவர், வாழ்ந்த ஊரில் குடிமகன் இல்லை!

2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில், தண்டனை முடிந்த ஓர் இலங்கைத் தமிழர் தன்னை நாடு கடத்த வேண்டாம் என்று கேட்டபோது, எங்கிருந்து வருகிறவர்களையும் தங்கவைக்க இந்தியா என்ன தர்மசத்திரமா என்ற பொருளில் நீதிபதி கேட்டார். அந்த ஒரு வழக்கை விட்டுவிடுங்கள். இந்தியா சத்திரம் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சத்திரம் என்றால் என்ன? படுக்க இடம் கிடைக்கும், சாப்பாடு கிடைக்கும், சொந்தம் கிடைக்காது. இந்த 58,000 பேருக்கு நாற்பது வருஷமாக நாம் கொடுத்திருப்பது அதைத்தானே? நாட்டின் ஒரு பகுதியைச் சத்திரமாக வைத்திருப்பது வந்தவர்களா, நாமா?

ஒரே யுத்தத்துக்குத் தப்பி ஓடியவர்களில் சிலர் வேறு திசையில் போனார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு சிறுவன் 1983-ல் தாயோடு கனடா போய்ச் சேர்ந்தான். பெயர் கரி ஆனந்தசங்கரி. படித்தார், வக்கீலானார், 2015-ல் எம்.பி. ஆனார். 2025 மே மாதம் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். கனடாவின் எல்லைக் காவல் அந்தத் துறையின் கீழ்தான் வருகிறது. பதவிக்கு வந்த அடுத்த மாதமே எல்லையை இறுக்கும் மசோதாவைத் தாக்கல் செய்தார். அந்த மசோதா நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அகதியாக உள்ளே வந்தவரிடம் வாசல் சாவியையே கொடுத்திருக்கிறது ஒரு நாடு. எல்லையைக் காப்பதும், உள்ளே வந்தவரைச் சேர்த்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அதே வருஷம் அதே வயதில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கிய ஒரு சிறுவனுக்கு இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். அவர் ஏதோ ஒரு முகாமில், பெயின்ட் அடிக்கும் வேலைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிக்கொண்டிருக்கலாம். பேரன் பேத்திகூட எடுத்திருப்பார். அந்தப் பேத்தி ஒன்றாம் வகுப்பில் உங்கள் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். 'நீ எந்த நாடு?' என்று டீச்சர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருகிறார். உங்கள் பேத்தி டக்கென்று சொல்லிவிடுவாள்.

பக்கத்தில் இருக்கிற பெண் என்ன சொல்ல வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.